சப்பாத்துக் கழற்றும் இடம்

அவனுடைய மண்டையில் அடித்திருக்க வேண்டிய ஆணிகளைத்தான் அந்தக் குளிர்காலத்தில் நான் என் வீட்டு வாசல் சுவரில் அடித்தேன். பேச்சுக்குச் சொல்லவில்லை. ஒரு ஆணிக்கு அவன் நெற்றி, அடுத்த ஆணிக்கு அவன் முன்பல், அதற்கடுத்ததுக்கு அவன் வலது கை என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லித்தான் அடித்தேன். சுவர்ச் சாந்து என் முகத்தில் தெறித்தது. என் கணவர் பின்னால் நின்று, "இஞ்சேரும், சுவர் என்ன பாவம் செய்தது? நில்லும், நான் ட்ரில் போட்டு ஸ்குரூ இறுக்கி விடுறன்" என்றார்.

"எனக்கு ட்ரில் வேண்டாம். எனக்கு அடிக்க வேணும்" என்றேன். அந்த மனிசன் குசினிக்குள் போய்விட்டார்.

அவன் என்று நான் சொல்வது என் தங்கையின் புருஷனை. பெயர் சொல்ல என் வாய் கூசுகிறது.

முதல் பனி விழுந்த கிழமை தங்கை அட்லிஸ்வில்லில் இருந்து ரயிலேறி, லாங்கன்தாலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாள். ஒரு சூட்கேஸ். தடித்த பச்சை ஜக்கெட். இடது கையில் மாவுக்கட்டு. புருவத்துக்கு மேலே தையல். "என்னடி இது?" என்று கேட்டேன்.

"ஐஸில வழுக்கி விழுந்திட்டன் அக்கா."

"ஐஸ் உன்ர கழுத்தையும் பிடிச்சு நெரிச்சதோ?"

கழுத்தில் விரல் பதிந்த இடங்கள் நீலமாகக் கிடந்தன. அவள் சால்வையை இழுத்து மூடினாள். இந்தச் சுவிஸ் நாட்டுக் குளிர்காலம் கை நீட்டுகிற புருஷன்மாருக்கு நல்ல வசதி. உடைந்த கைக்கும் கிழிந்த புருவத்துக்கும் ஐஸ் பழி ஏற்கும். ஆஸ்பத்திரியிலும் அவள் அதையே சொல்லியிருந்தாள்.

இப்படி அவள் வருவது முதல் தடவை இல்லை. வருவாள், நாலைந்து நாள் இருப்பாள். அவன் போனில் அழுவான். பிறகு மாமா வருவார். மாமா எங்கள் அம்மாவின் தம்பி, இந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தவர். அது முறிந்தால் தன் மூக்கு அறுந்துவிடும் என்று அவருக்குப் பயம். அவர் வந்து இரண்டு பழமொழி சொல்ல, இவள் அந்தப் பச்சை ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு போய்விடுவாள். முதலில் கன்னம், பிறகு கை, இப்போது கழுத்து. இனி ஒருமுறை போனால் இவள் பெட்டிக்குள்தான் வருவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. என் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான்.

எங்கள் வீட்டு வாசலைப் பெரிதாக நினைக்க வேண்டாம். கதவைத் திறந்தால் இரண்டு பேர் தோள் முட்டாமல் நிற்க முடியாத, ஒழுங்கை மாதிரி ஒரு இருட்டு நடை. கதவின் கீழ் இடைவெளியால் படிக்கட்டுக் குளிர் உள்ளே வரும். எங்கள் ஆட்கள் வழக்கமாகச் சப்பாத்தைக் கதவுக்கு வெளியே கழற்றுவார்கள். எங்கள் கட்டடத்தில் அந்தப் பருப்பு வேகாது, கீழ்வீட்டு சுவிஸ்காரக் கிழவி விடமாட்டாள். படிக்கட்டில் ஒரு செருப்புக் கிடந்தாலும், நெருப்புப் பிடித்தால் ஓட வழியில்லை என்று அதைப் பையில் போட்டு எங்கள் கதவுப்பிடியில் கட்டிவிட்டுப் போவாள். ஞாயிற்றுக்கிழமை இடியப்ப உரல் கீழே விழுந்தால் மணியடித்து, "சுண்டிக்!" என்பாள். ஞாயிறாம், சத்தம் போடக்கூடாத நாளாம். அதனால் எல்லாச் சப்பாத்தும் உள்ளே அந்த ஒழுங்கையில்தான் குவிந்து கிடக்கும்.

தங்கை பின்னேரங்களில் அங்கேதான் போய் நின்றாள். கதவில் இருக்கும் சின்னத் துவாரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு, படியில் காலடி கேட்டால் மூச்சை அடக்குவாள். பயந்து நிற்கிறாளோ, அவன் கூப்பிட வருவான் என்று காத்து நிற்கிறாளோ, எனக்கு விளங்கவில்லை. சரி, இந்த இடத்தைச் சூடான ஒரு இடமாக்கிக் காட்டுகிறேன், இதைத் தாண்டி வெளியே கால் வைக்க அவளுக்கு மனம் வரக்கூடாது என்று முடிவெடுத்தேன்.

முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் எனக்கு வேலை. வேலை முடிந்து நேரே புரொக்கிக்குப் போனேன். பாவித்த சாமான்கள் விற்கும் கடையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். உட்கார்ந்து சப்பாத்துக் கழற்ற ஒரு மர வாங்கு, அதன் மேல் விரிக்க ஒரு ஆட்டுத்தோல், ஜக்கெட் மாட்ட இரும்புக் கொழுவிகள் வைத்த ஒரு பழைய பலகை எல்லாம் தூக்கிக்கொண்டு வந்தேன். சப்பாத்து வைக்க விளிம்புள்ள ஒரு தட்டு வாங்கினேன், பனி உருகி ஓடாமல் இருக்க. பழைய சேலை ஒன்றைச் சுருட்டி, உள்ளே கந்தைத் துணி திணித்துத் தைத்து, கதவின் கீழே குளிர் வராமல் நீட்டி வைத்தேன். மஞ்சள் பல்புச் சரம் ஒன்றைச் சுவர் விளிம்பால் ஓட்டினேன். பொங்கலுக்கு நிறைகுடம் வைக்கும் பித்தளைச் செம்பை எடுத்துத் தண்ணீர் நிரப்பி வாங்கின் ஓரத்தில் வைத்தேன். மாவிலைக்கு எங்கே போவது? கிறிஸ்மஸ் மரக் கொப்புகளைத்தான் செருகினேன்.

தங்கை அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். வந்த பிறகு முதல் சிரிப்பு. "அக்கா, நிறைகுடத்தில கிறிஸ்மஸ் மரமோ? பிள்ளையார் கோவிக்கப் போறார்."

"அவரும் சுவிஸுக்கு வந்து எவ்வளவு காலம்? பழகட்டும்" என்றேன்.

கொழுவிப் பலகையைத்தான் கடைசியாக அடித்தேன். முதல் கொழுவி என் கணவருக்கு, அடுத்தது எனக்கு. மூன்றாவதைத் தொட்டுக் காட்டி, "இது உன்ர. ஜக்கெட்டைக் கொண்டுவந்து கொழுவு" என்றேன். "ஓம் அக்கா" என்றாள். ஜக்கெட் அவளுடைய அறையில் சூட்கேஸின் மேல் மடித்தபடியே கிடந்தது. எந்த நிமிஷமும் எடுத்துப் போட்டுக்கொண்டு வெளிக்கிடத் தோதாக.

ஒருநாள் பொறுக்க முடியாமல் நானே எடுத்து வந்து கொழுவிவிட்டேன். விடியப் பார்த்தால் அது திரும்பவும் சூட்கேஸின் மேல். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரே சொல்லும், அன்று உச்சந்தலைக்கே ஏறிவிட்டது. ஜக்கெட்டைத் தூக்கி அவள் மேல் எறிந்தேன். "போறதெண்டால் இப்பவே போடி! போய் அவன்ர கையால சா! நான் வந்து கொள்ளி வைக்கிறன்!" அவள் ஜக்கெட்டைப் பிடித்து மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். மூன்றாவது கொழுவி மொட்டையாகவே இருந்தது.

இதற்கிடையில் மாமா எனக்குப் போன் எடுத்தார். "பிள்ளை, அடிக்கிற கைதான் அணைக்கும்" என்றார்.

"அப்ப அந்தக் கையைக் கொஞ்ச நாளைக்குத் தலகாணியை அணைக்கச் சொல்லுங்கோ மாமா."

"உனக்கு வாய் கூடிப்போச்சு. ஞாயிற்றுக்கிழமை திரிம்பாக் கோயிலுக்குப் போட்டு, அப்பிடியே வந்து பிள்ளையைப் பாத்திட்டுப் போறன். நான் தனியத்தான் வருவன்" என்றார். அவர் தனியாக வருவதென்றால் வரட்டும், வடை சுட்டுக் கொடுத்து அனுப்புவோம் என்று நானும் இருந்துவிட்டேன்.

அந்த ஞாயிறு காலையிலிருந்தே பனி கொட்டியது. மத்தியானம் நான் குசினியில் உளுந்து வடை சுட்டுக்கொண்டிருக்க மணி அடித்தது. என் கணவர் போய்க் கதவைத் திறந்தார். "வாங்கோ மாமா, வாங்கோ" என்று அவருடைய குரல் கேட்டது. கொஞ்சம் தடுமாறி, "வாங்கோ தம்பி, உள்ள வாங்கோ" என்றும் கேட்டது.

எங்கள் ஆட்களின் நாக்கு அப்படி. யமன் வந்து வாசலில் நின்றாலும் முதலில் "வாங்கோ" என்போம், அதற்குப் பிறகுதான் என்ன விஷயம் என்று யோசிப்போம். என்னுடைய மனிசனைக் கொதிக்கிற எண்ணெய்க்குள் போட்டால் என்ன என்று அந்த நேரம் எனக்குத் தோன்றியது. அடுப்பை அணைத்துவிட்டுத் துளைக்கரண்டியோடு ஓடினேன்.

அவன்தான். குனிந்து சப்பாத்துக் கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தான். கணுக்காலுக்கு மேல் வரும் புதுச் சப்பாத்து, நிறையக் கயிறு. என் தங்கையின் கழுத்தை நெரித்த அந்த விரல்கள் ஒவ்வொரு முடிச்சாக மெல்ல மெல்ல அவிழ்த்தன. கழற்றி, ஈரம் நிலத்தில் படாமல் தட்டில் சோடியாக வைத்தான். சாமிப்படம் இருக்கிற வீட்டுக்குள் சப்பாத்தோடு வரக்கூடாது என்ற மரியாதை அவனுக்குக் குறைவில்லை. மாமா ஆட்டுத்தோலில் நன்றாகச் சாய்ந்து இருந்துகொண்டு, "வடிவா வச்சிருக்கிறாய் பிள்ளை. நல்ல கதகதப்பு" என்றார். அவன் ஜக்கெட்டைக் கழற்றினான். சுவரைப் பார்த்தான். மூன்றாவது கொழுவியில் கொழுவினான்.

"அதில இருந்து எடு" என்றேன்.

"அக்கா, நான் சண்டைக்கு வரேல்லை. என்ர மனிசியைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான்" என்றான். குரல் தேன் போல இருந்தது.

அறைக் கதவு திறந்தது. தங்கை நின்றாள். அவனுடைய குரல் கேட்டதும் நிறம் போய்விட்ட முகம். அவன் அவளைப் பார்த்து, "ஜக்கெட்டைப் போடு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவள் உள்ளே போனாள், அந்தப் பச்சை ஜக்கெட்டோடு திரும்பி வந்தாள். மாமா வெற்றிச் சிரிப்போடு, "பாத்தியோ? கல்லானாலும் கணவன்" என்றார்.

"கல்லெண்டால் துணி அடிச்சுத் தோய்க்கவாவது உதவும் மாமா! எடியே, எங்கயடி போறாய்?"

"விடக்கா. கீழ்வீட்டு மனிசிக்குக் கேக்கப் போகுது" என்றாள். மாவுக்கட்டுக் கையை ஜக்கெட்டுக்குள் நுழைக்கப் பார்த்தாள். கட்டு பெரிது, கைப்பகுதி ஒடுக்கம். இடையில் இறுகிக்கொண்டது. அவன் இரண்டு மூச்சு பொறுத்தான். பிறகு, "ஒரு ஜக்கெட் போட இவ்வளவு நேரமோ மூதேவி" என்று கைப்பகுதியைப் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தான். தையல் கிழிந்தது. அவள் போட்ட சத்தம் இன்றைக்கும் என் காதுக்குள் இருக்கிறது.

துளைக்கரண்டியால் அவனுடைய கன்னத்தில் விளாசினேன். எண்ணெய்ச் சூடு அதில் இன்னும் இருந்தது, தோல் சிவந்து எழும்பியது. அவன் கை ஓங்கி எனக்கு ஒரு அறை விட்டான். என் தலை போய் இரும்புக் கொழுவியில் இடித்து நெற்றி பிளந்தது. கண்ணுக்குள் இரத்தம் வழிந்தது. அதற்குள் அவன் தங்கையின் பின்னலைக் கையில் சுற்றிக் கதவுப் பக்கம் இழுத்தான். எப்போதும் அவன் இழுத்த பக்கம்தான் அவள் போவாள். அன்று அவளுடைய வலது கை கொழுவிப் பலகையைப் பிடித்துக்கொண்டது.

"விடடி!" என்றான். விடவில்லை. தலைமுடி பிய்ந்து அவன் கையோடு வந்தது. அவள் விடவில்லை. அவன் அவளுடைய முதுகில் குத்தினான், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தபடி நின்றாள். கடைசியில் என் ஆணிகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தன. பலகையும் ஜக்கெட்டுகளும் பல்புச் சரமும் எங்கள் எல்லார் மேலேயும் விழுந்தன.

எனக்குக் கிடைத்தது செம்பு. தண்ணீரும் கொப்பும் நிறைந்த செம்பை இரண்டு கையாலும் தூக்கி அவனுடைய தோளில் போட்டேன். தலைக்குத்தான் குறி வைத்தேன், கண்ணில் இரத்தம் மறைத்துவிட்டது. அவன் அலறிக்கொண்டு பின்னலை விட்டான். தண்ணீர் அவனுடைய காற்சட்டையையும் காலுறையையும் நனைத்து ஓடியது. மாமா வாங்கின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "ஐயோ, மானம் போகுது, மானம் போகுது" என்று கத்தினார்.

அதுவரை குசினிப் பக்கம் ஒதுங்கி நின்ற என் கணவர் அப்போதுதான் முன்னுக்கு வந்தார். ஈ எறும்புக்கும் வழி விடுகிற மனிசன். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள், அன்றைக்கு எங்கள் ஒழுங்கையே கொள்ளவில்லை. கதவைத் திறந்தார், அவனைச் சட்டைக் கழுத்தில் பிடித்தார், வெளியே தள்ளினார். அவன் ஈரக் காலுறையோடு வழுக்கிப் படியில் உருண்டு நடு மேடையில் விழுந்தான். கதவைச் சாத்திப் பூட்டினோம். அவன் திரும்ப ஏறி வந்து கதவை உதைத்தான். சப்பாத்தில்லாத காலால் உதைத்ததில் பெருவிரல் நொந்திருக்க வேண்டும், தூஷணத்தில் கத்தினான்.

கீழே கதவு திறந்தது. "சுண்டிக்!" என்று கிழவியின் குரல் படிக்கட்டு முழுக்க ஒலித்தது. அதைத் தொடர்ந்து, பொலிஸுக்குப் போன் அடித்துவிட்டேன், வந்துகொண்டிருக்கிறார்கள் என்றாள். அந்தக் குரலை நான் அவ்வளவு ஆசையோடு கேட்டது அன்றைக்குத்தான். அவன் இறங்கி ஓடும் சத்தம் கேட்டது.

ஆனால் எங்கே ஓடுவது? வந்தது மாமாவின் காரில். கார்த் திறப்பு மாமாவின் பையில். சப்பாத்தும் ஜக்கெட்டும் எங்கள் வாசலில். அவன் வெளியே பனிக்குள் நனைந்த காலுறையோடு நின்று கீழ்க்கதவு மணியை அழுத்தினான். தங்கை போய், கீழ்க்கதவில் நிற்பவரோடு பேசச் சுவரில் வைத்திருக்கும் கருவியை எடுத்தாள். நான் தடுக்க முந்திவிட்டாள்.

"செல்லம், கால் விறைக்குது. சப்பாத்தைக் கொண்டு வாவன். நான் இனி உன்னில கை வைக்க மாட்டன். அம்மாவாணை" என்று அவனுடைய அழுகை எங்கள் வாசல் முழுக்கக் கேட்டது.

அந்த அழுகைக்குத்தான் அவள் ஒவ்வொரு முறையும் போனாள். கருவியை வைத்தாள். குனிந்தாள். அவனுடைய சப்பாத்தைச் சோடியாக எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள், அவனுடைய ஜக்கெட்டையும் எடுத்தாள். போய்விட்டாள், என் பிள்ளை போய்விட்டாள் என்று நான் ஈர நிலத்தில் இருந்துவிட்டேன்.

அவள் கதவுப் பக்கம் போகவில்லை. அறைக்குள் போனாள். அங்கே யன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு சப்பாத்தைத் தலைக்கு மேலே ஓங்கி எறிந்தாள். அது அவனுடைய நெஞ்சில் பட்டது. மற்றது பனிக் குவியலுக்குள் போய்ப் புதைந்தது. பிறகு ஜக்கெட். பிறகு யன்னலைச் சாத்தினாள். மூச்சிரைக்க வாசலுக்கு வந்து மாமாவின் முன்னால் நின்றாள்.

"மாமா, நீங்களும் சப்பாத்தைப் போடுங்கோ."

மாமா என்னைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார். ஒருவரும் "இருங்கோ" என்று சொல்லவில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, போயிட்டு வாறன் என்றும் சொல்லாமல் போனார்.

பொலிஸ் வந்தபோது அவன் படி வாசலில் குந்தியிருந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தானாம். விறைத்த விரலுக்கு அத்தனை முடிச்சும் லேசில் வந்திருக்காது. ஒரு பொலிஸ்காரப் பெண் மேலே வந்து என் நெற்றியைப் பார்த்தாள், தங்கையின் மாவுக்கட்டைப் பார்த்தாள், இது எப்படி என்று கேட்டாள். தங்கை ஜெர்மனில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். நான் ஐஸில் விழவில்லை. என் கணவர் உடைத்தது. கழுத்துச் சால்வையையும் கழற்றிக் காட்டினாள். கரண்டியையும் செம்பையும் பற்றி நானே சொன்னேன், மறைக்க எனக்கு என்ன வெட்கம்? அவன் அவளை அண்டக்கூடாது என்று தடை போட்டார்கள். தடை வெறும் தாள்தான், அது எனக்குத் தெரியும். இருந்தாலும் இந்த முறை அது அவள் வாயால் சொல்லி வந்த தடை.

அவர்கள் போன பிறகு வாசலைப் பார்த்தேன். ஆட்டுத்தோலில் என் இரத்தம். பல்புச் சரத்தில் பாதி செத்துவிட்டது. கிறிஸ்மஸ் மர ஊசி இலைகள் எங்கும் ஒட்டிக் கிடந்தன. செம்பு நெளிந்து போயிருந்தது. நான் பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் நாசம். தலையில் கட்டோடு வாங்கில் இருந்து ஒப்பாரி வைக்க வாய் திறந்தேன்.

"அத்தான், ட்ரில் எங்க இருக்கு?" என்று தங்கை கேட்டாள்.

"இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை" என்றார் என் கணவர், பாவம், பழக்கத்தில்.

"தெரியும்" என்றாள்.

அவர் பலகையைப் பிடிக்க, அவள் ஒற்றைக் கையால் துளை போட்டாள். கட்டடமே அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. எனக்கு அடங்கியிருந்த கோபம் திரும்ப எழும்பியது, ஓம் ஞாயிறுதான், என்ன இப்ப என்று கேட்கத்தான் கதவைத் திறந்தேன். கிழவி நின்றாள். சுவரைப் பார்த்தாள், ட்ரில்லோடு நின்றவளின் கழுத்தைப் பார்த்தாள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, தொடரட்டும் என்பது போலத் தலையை ஆட்டினாள். கடைசி ஸ்குரூ இறுகும்வரை அப்படியே நின்றாள். பிறகு, முடிந்ததா என்று கேட்டுவிட்டு, குனிந்து படியில் கிடந்த கொப்பு ஒன்றைப் பொறுக்கி என் கையில் தந்துவிட்டுப் போனாள்.

தங்கை பலகையில் தொங்கிப் பார்த்தாள். அசையவில்லை. நிலத்தில் கிடந்த பச்சை ஜக்கெட்டை எடுத்து உதறினாள். தண்ணீர் சொட்டியது, கைப்பகுதி தோளிலிருந்து பிய்ந்து தொங்கியது. அதை மூன்றாவது கொழுவியில் கொழுவிவிட்டு, கீழே தட்டை நகர்த்தி வைத்தாள், ஈரம் நிலத்தில் படாமல்.

"உந்த ஜக்கெட்டைத் தைக்க வேணுமடி" என்றேன்.

"நாளைக்குத் தைப்பம் அக்கா" என்றாள். "இப்ப அந்த வடையைக் கொண்டு வா, பசிக்குது."